சைல்டு லாக்

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் பானெட்டைத் திறக்கச் சொல்வார்கள். உமாமகேஸ்வரி பின்கதவைத் திறக்கச் சொன்னாள். கதவின் விளிம்பில், பூட்டுக்குக் கீழே இருக்கும் சின்னக் கறுப்பு விசையைத் தேடிப்பிடித்து நகத்தால் கீழே தள்ளினாள். பிறகு உள்ளே ஏறி உட்கார்ந்து, கதவை அறைந்து சாத்திவிட்டுக் கைப்பிடியை இழுத்துப் பார்த்தாள். திறந்துகொண்டால் அந்த வண்டி வேண்டாம். திறக்காவிட்டால் அவளே உள்ளே மாட்டிக்கொள்வாள். கண்ணாடியைத் தட்டியபின் கடைக்கார சர்தார்ஜி வந்து வெளியிலிருந்து திறந்துவிடுவார். அறுபதைத் தாண்டிய முழங்கால்களோடு ஒவ்வொரு வண்டியாக இப்படி ஏறி இறங்குகிறவளை அவர் தன் ஆயுளில் பார்த்திருக்க மாட்டார்.

உத்தம் நகர் மெட்ரோ தூண்களுக்குப் பக்கத்தில், தகரத் தடுப்புக்கு உள்ளே, ஒன்றையொன்று உரசாத குறையாக நிறுத்தியிருந்தார்கள் கார்களை. எல்லாவற்றின் மேலும் தில்லியின் சாம்பல் தூசி. ஒருவன் ஈரத்துணியோடு ஒரு கோடியில் துடைக்க ஆரம்பித்து மறுகோடிக்குப் போவதற்குள் முதல் கார் பழையபடி ஆகியிருக்கும்.

யோசனைக்கு அவள் குடியிருந்த ஜனக்புரியில் என்றைக்கும் பஞ்சம் கிடையாது. உமா கார் பார்க்கிறாள் என்று தெரிந்ததுமே தமிழ்க் குடும்பங்களில் ஆளுக்கொரு சாஸ்திரம் சொன்னார்கள். ஓடிய கிலோமீட்டரை நம்பாதே, கிளட்ச் பெடலின் ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்று பார். மிதியடியைத் தூக்கித் துருவைப் பார், வெள்ளத்தில் மூழ்கிய வண்டியாக இருக்கும். டாக்டர் ஓட்டிய வண்டி என்பான், தில்லியில் இத்தனை டாக்டர்கள் கிடையாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். கையிருப்புக்குள் அடங்க வேண்டும், நடுவழியில் நிற்கக் கூடாது, இதெல்லாம் அவளுக்கும் தெரியும். ஆனால் பின்கதவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவளும் யாரிடமும் கேட்கவில்லை.

பூட்டு எதற்கு என்று சர்தார்ஜிதான் கேட்டார். அதுவும் முதல் நாளே.

"பச்சா எத்தனை வயசு, மாதாஜி?"

"மூணு" என்று இந்தியில் சொல்லிவிட்டாள். யோசித்துச் சொன்ன பொய் இல்லை, வாயிலிருந்து தானாக விழுந்தது.

"பேரனா?"

"ஆமாம்."

பொய்யைச் சொன்னபின் அதற்குச் சோறு போட்டு வளர்க்கத்தானே வேண்டும். பேரன் எப்படி என்று சர்தார்ஜி விசாரித்தபோது உமா சொல்லிக்கொண்டே போனாள். கையை விட்டால் ஓடிவிடுவான். ராத்திரியில் தூங்க மாட்டான். தயிர்சாதத்தைக் கையில் உருட்டி வாயில் கொடுத்தால்தான் இறங்கும். சட்டையைக் கழற்றி எறிவான். ஒரே கேள்வியை ஓயாமல் கேட்பான். சர்தார்ஜி விழுந்து விழுந்து சிரித்தார். "நம்பர் ஒன் ஷைத்தான்!" என்றார். தன் பேத்தியும் இப்படித்தான் இருந்தாள், ஐந்து வயது ஆகட்டும், எல்லாம் தன்னால் சரியாகிவிடும், கவலையே படாதீர்கள் என்றார். உமாவும் சேர்ந்து சிரித்தாள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, வயதைத் தவிர.

அவள் கணவர் ஜோதிலிங்கத்துக்கு அறுபத்தெட்டு வயது. மத்திய அரசின் பொதுப்பணித் துறையில் இன்ஜினியராக இருந்து, தில்லியில் பாதிக் கட்டடங்களின் கூரைமேல் ஏறி இறங்கிய மனிதர். மறதி முதலில் சாவியில் ஆரம்பித்தது, பிறகு தெருவுக்கு வந்தது, பிறகு ஆட்களுக்கு. தானே ஓட்டிக்கொண்டு காய்கறி வாங்கப் போனவரை ரோத்தக் சாலையில் ஒரு பெட்ரோல் பங்க்கில் கண்டுபிடித்தபின், டொராண்டோவிலிருந்து பறந்து வந்த மகன் கௌஷிக், அவருடைய காரை வந்த விலைக்கு விற்றுவிட்டுத் திரும்பிப் போனான்.

அதற்கப்புறமும் உமா சமாளித்தாள். வசந்த் விஹார் பக்கம் மறதி நோயாளிகளுக்கான ஒரு பகல் நிலையம் இருந்தது. வாரத்தில் மூன்று நாள் டாக்ஸியில் அழைத்துப் போவாள். அங்கே பாட்டுப் போடுவார்கள், களிமண் உருட்டச் சொல்வார்கள். அங்கே போய்வந்த நாட்களில் மனிதர் சாப்பிடுவார், தூங்குவார். அவளும் தூங்குவாள். பிறகு ஒருநாள், தௌலா குவான் சிக்னலில், "ஆபீசுக்கு நேரமாச்சு" என்று கதவைத் திறந்துகொண்டு பஸ்களுக்கு நடுவே இறங்கி நடந்துவிட்டார். டாக்ஸிகளில், உள்ளிருந்து கதவைத் திறக்க விடாத இந்த சைல்டு லாக் இருக்கக் கூடாது என்று சட்டம். பெண்களின் பாதுகாப்புக்காக வந்த நல்ல சட்டம்தான், யாரைக் குறை சொல்ல? அன்றைக்கு பஸ் டிரைவர் பிரேக் போட்ட சத்தம் உமாவின் காதை விட்டுப் போகவே இல்லை. அதோடு பகல் நிலையம் நின்றது. அவர் வீட்டுக்குள்ளேயே நடந்தார், கதவைக் குத்தினார், தட்டைத் தள்ளினார்.

கௌஷிக் கோயம்புத்தூரில் ஒரு காப்பகத்தைப் பார்த்து வைத்திருந்தான்.

"அம்மா, ஸ்லாட் இந்த மாசம் வரைக்கும்தான் ஹோல்ட் பண்ணுவாங்க. நீ அகேலா, தனி ஆளா எப்படி மேனேஜ் பண்ணுவே? பிராக்டிகலா யோசிம்மா."

"ஸ்லாட்ல வைக்கதுக்கு அவுக என்ன சாமானாடா?"

"அப்போ டே சென்டர் எப்படிப் போவீங்க? அத மட்டும் சொல்லு. போக முடியும்னா நான் ஒண்ணும் சொல்லல."

பிள்ளைமேல் குற்றமில்லை. அவன் பல மாதமாகக் கேட்டுவருவது நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் உமா டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, இருபது வயதுப் பெண்களுக்கு நடுவே ஸ்டியரிங்கைப் பிடித்து, லைசென்ஸும் வாங்கினாள். அதற்காகத்தான் இப்போது பின்கதவுகளைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். மாதம் முடிவதற்குள் ஒரு கார் கிடைத்தால் அத்தான் வீட்டில் இருப்பார். கிடைக்காவிட்டால் கோயம்புத்தூர்.

இரண்டாவது முறை போனபோது ஒரு வெள்ளி நிறச் சின்ன கார் அகப்பட்டது. என்ஜின் முனகாமல் ஓடியது. இருக்கை உயரமாக இருந்ததால் அவர் குனிந்து சிரமப்பட வேண்டாம். பின்கதவின் பூட்டு இரண்டு பக்கமும் கச்சிதமாக விழுந்தது. விலையும் கைக்கு எட்டியது. ஏன் இவ்வளவு மலிவு என்றுதான் கேட்டாள்.

"பன்னிரண்டு வருஷ வண்டி, மாதாஜி. பெட்ரோல் வண்டிக்குத் தில்லியில் பதினைந்து வருஷம்தான் ஆயுள். பொய் சொல்லி விற்க மாட்டேன். இன்னும் மூன்று வருஷம் ஓட்டலாம், அப்புறம் வேறு ஸ்டேட்டுக்கு அனுப்பணும், இல்லை உடைக்கணும்."

"மூணு வருஷம் போதும்" என்றாள் உமா.

"சரிதான், அதற்குள் பேரனுக்கும் ஆறு வயசாகிவிடும். அப்புறம் பூட்டு எதற்கு?" என்றார் சர்தார்ஜி.

மெட்ரோவில் திரும்பும்போதுதான் அவளுக்கு உறைத்தது. மூன்று வருஷம் போதும் என்றால் என்ன கணக்கு அது? யாருடைய ஆயுளை யாருடைய ஆயுளோடு வைத்துப் பார்த்தாள்? டாக்டர்கூட அந்தக் கணக்கைச் சொன்னதில்லை. கட்டிய புருஷனுக்குத் தவணை குறித்துக்கொண்டு வந்தோமே பாவி என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். எதிர் இருக்கையில் இருந்த பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். உமா வேண்டாம் என்று தலையசைத்தாள்.

ஆனாலும் அதைவிட நல்ல வண்டி அகப்படப் போவதில்லை. மறுபடி போக வேண்டிய நாளில், அவரைப் பார்த்துக்கொள்ளும் கீழ்வீட்டுக் கோமளா, தன் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று கையை விரித்துவிட்டாள். வேறு வழியில்லாமல் ஜோதிலிங்கத்துக்கு இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிவிட்டு, மணிக்கட்டை இறுக்கப் பிடித்துக்கொண்டு கூட்டிப்போனாள். அன்றைக்கு நல்ல பிள்ளையாக வந்தார். மெட்ரோவில் ஒரு கிழவருக்கு எழுந்து இடம்கூடக் கொடுத்தார், தன்னைவிட இளைய கிழவருக்கு.

"பேரன் வரலையா? நானே அவனை உட்கார வைத்துப் பார்க்கலாம் என்று இருந்தேன்" என்றார் சர்தார்ஜி.

ஜோதிலிங்கம் அந்த வெள்ளிக் காரின் கூரைத் தூசியை விரலால் தடவி, விரலை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். சர்தார்ஜி அவரைப் பார்த்தார். அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்த அவள் கையைப் பார்த்தார். சிரிப்பு முகத்திலிருந்து மெல்ல இறங்கியது.

"இவருக்குத்தான்" என்றாள்.

சர்தார்ஜி தோளில் கிடந்த துணியை எடுத்துப் பின் இருக்கையை ஒருமுறை துடைத்தார். "பைட்டியே, பாவுஜி" என்று உட்காரச் சொல்லிக் கதவைப் பிடித்துக்கொண்டார்.

ஜோதிலிங்கம் ஏறி உட்கார்ந்தார். உமா விசையைத் தள்ளிக் கதவைச் சாத்தினாள். அவளே உள்ளே உட்கார்ந்து பார்த்தது வேறு, அவரை உள்ளே வைத்துச் சாத்துவது வேறு. அவர் கொஞ்ச நேரம் நேரே முன்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைப்பிடியை இழுத்தார். மறுபடி இழுத்தார். கதவு அசையவில்லை. கண்ணாடி வழியாக அவளைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். கடையில் சில்லறை குறைத்துக் கொடுத்துவிட்டவரைப் பார்க்கும் பார்வை. பூட்டு நன்றாக வேலை செய்கிறது, ராத்திரி கௌஷிக்குக்குப் போன் பண்ணிச் சொல்லிவிடலாம். சந்தோஷப்பட வேண்டிய நேரம். அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மேலே போகும் ரயிலைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டாள்.

கரகரவென்று சத்தம் கேட்டது. கண்ணாடி இறங்கிக்கொண்டிருந்தது. பாதிக்குமேல் இறங்கியதும் ஒரு கை வெளியே வந்தது, கீழே தடவிற்று, வெளிக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிற்று. கதவு திறந்தது. ஜோதிலிங்கம் சாவதானமாக இறங்கி நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

உமாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. அதே இருக்கையில் உட்கார்ந்து அவளும் முட்டாள்தனமாகக் கண்ணாடியைத் தட்டியிருக்கிறாளே! சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாமல் நிற்கிற மனுஷன்! கார் தோற்றுப்போனது, மாதம் முடியப்போகிறது, எதுவும் அந்த நிமிஷம் அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. சின்னப் பெண்போலக் கையைத் தட்டினாள். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"அத்தான்! எப்படித் தெறந்திய? எங்க யாருக்கும் தோணலியே!"

அவர் முகத்தில் பெருமை வந்து உட்கார்ந்தது. வேலை நடக்கும் இடத்தைச் சுற்றிப் பார்த்து முடித்தவர்போல இடுப்பில் கைவைத்துக்கொண்டார்.

"கண்ணாடி கையால சுத்துதது, மேடம். இத வச்சுக்கிட்டுப் பூட்டு போட்டா என்ன பிரயோஜனம்? மொதல்ல இந்த ஹேண்டில எடுக்கச் சொல்லுங்க."

உமாவின் கைகள் பாதித் தட்டலில் நின்றன.

"மேடம் இல்ல, அத்தான். உமா."

"அப்படியா?" என்று மரியாதையாகச் சிரித்தார். "எங்க வீட்டுலயும் அதான் பேரு."

தமிழ் தெரியாத சர்தார்ஜிக்கும் அதே யோசனைதான் தோன்றியிருந்தது. கண்ணாடி சுற்றும் கைப்பிடியை எடுத்துவிட்டால் தீர்ந்தது என்று இந்தியில் சொல்லிவிட்டு, ஸ்க்ரூடிரைவரோடு குனிந்தார். திருகாணி எங்கே என்று தெரியவில்லை. அங்கே இங்கே நெம்பினார். பிளாஸ்டிக் கீறியது. ஜோதிலிங்கம் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பழைய காரை முப்பது வருஷம் ஞாயிற்றுக்கிழமைதோறும் வாசலில் பிரித்துப் பிரித்து மாட்டியவருக்கு எவ்வளவு நேரம்தான் பொறுக்கும்? "ஹடோ பையா, ஹடோ" என்று அவரைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். முதலில் கண்ணாடியை முழுக்க ஏற்றினார். பிறகு சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, முறுக்கி, கைப்பிடிக்குப் பின்னால் நுழைத்து, ஷூவுக்குப் பாலீஷ் போடுவதுபோல இரண்டு பக்கமும் மாறி மாறி இழுத்தார். உள்ளே இருந்த கம்பி வளையம் டக்கென்று தெறித்து விழுந்தது. கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

நிறுத்துங்கள் என்று சொல்ல உமா வாயைத் திறந்தாள். சொல்லி என்ன செய்வது? இந்த வண்டி இல்லாவிட்டால் அவரே இல்லை. வாயை மூடிக்கொண்டாள். அந்தக் கைகள் எவ்வளவு சுத்தமாக, எவ்வளவு நிச்சயமாக வேலை செய்கின்றன என்று பார்த்தாள்.

"அந்தப் பக்கமும் ஒண்ணு இருக்கும்லா" என்று அவரே சுற்றிப்போய் அதையும் கழற்றிக்கொண்டு வந்தார். கீழே விழுந்த கம்பி வளையங்களைத் தேடிப் பொறுக்கி, கைப்பிடிகளோடு சேர்த்து, அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

"பத்திரமா வச்சுக்கிடுங்க, மேடம். பொறவு இந்த மாடலுக்குக் கிடைக்காது."

பிறகு பின் இருக்கையில் ஏறி, கைக்குட்டையை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கதவைத் தானே இழுத்துச் சாத்திக்கொண்டார். சர்தார்ஜி சாவியை நீட்டினார். கைப்பிடிகளை மூடியிருந்த கையை உமா திறக்கவில்லை. கதவுக்கு வெளியே நின்றாள். கண்ணாடிக்கு அந்தப்புறம் ஜோதிலிங்கம் அவளைப் பார்த்து ஏதோ சொன்னார். உதடுகள் அசைவது தெரிந்தது. என்ன சொல்கிறார் என்று கேட்க அவள் குனிந்தாள். அவர் கை, கதவில் கைப்பிடி இருந்த இடத்தைத் தடவிக்கொண்டிருந்தது.