கரடி காட்டிய கடை

ஊரிலிருந்து கிளம்பும்போதே மடிப்பக்காவிடம் அவள் மகள் சத்தியம் வாங்கிவிட்டாள். மூன்று நாளும் எந்தக் கடைக்குள்ளும் காலை வைக்கக் கூடாது. தீம் பார்க்கில் ராட்டினம் ஏறும்போது பக்கத்தில் அம்மாதான் உட்கார வேண்டும். இரண்டே நிபந்தனை. ஒன்பது வயசுப் பிள்ளை இப்படியெல்லாமா பேசும் என்று கேட்காதீர்கள். பேச வைத்தது யார் என்று கேளுங்கள்.

மடிப்பக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. பெரிய ஜவுளிக்கடை ஒன்றின் ரெடிமேட் பிரிவில் பதினோரு வருஷமாக நிற்கிறாள். வருகிறவர்கள் கலைத்துப் போட்டுவிட்டுப் போகிற சட்டையை ஒரு உதறு, இரண்டு தட்டு, மூன்று மடிப்பு, அவ்வளவுதான்; அப்போதுதான் அட்டைப்பெட்டியைப் பிரித்து எடுத்தது போலப் படுத்திருக்கும். கூட வேலை பார்க்கிறவர்கள் கொடுத்த பட்டம் அது. பட்டம் கிடைத்ததே தவிர லீவு கிடைக்கவில்லை. ஊருக்கெல்லாம் விடுமுறை என்றால் ஜவுளிக்கடைக்கு இரட்டை வேலை. "பத்து நிமிஷத்துல வந்துடறேன் செல்லம்" என்று போனில் சொல்வாள். வந்து பார்த்தால் மகள் வீட்டுப்பாட நோட்டின் மேலேயே தலையைச் சாய்த்துத் தூங்கியிருப்பாள். மடிப்பக்காவின் பத்து நிமிஷம் எத்தனை நிமிஷம் என்று அந்த வீட்டில் யாருக்கும் இதுவரை விளங்கவில்லை.

இந்தப் பயணமும் அப்படித்தான். இரண்டு தடவை திட்டம் போட்டு, இரண்டு தடவையும் கடை முதலாளி லீவை ரத்து செய்து, மூன்றாவது தடவை ஒருவழியாக வந்து சேர்ந்தார்கள். முதலாளி கூப்பிட்டுவிடுவார் என்று அம்மாவின் போனைப் பிடுங்கி அப்பாவின் பையில் போட்டுப் பையின் ஜிப்பையும் மூடிவிட்டாள் மகள். இன்று கடைசி நாள். நாளைக் காலையில் ரயில். ராட்டினத்தை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தாள். பிடித்ததை மிச்சம் வைத்துச் சாப்பிடுகிற பிள்ளை.

கெடுத்தது அவள் அப்பா. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். முப்பது பிள்ளைகளைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிற மனுஷன், பெற்ற பிள்ளையைப் படகுச் சறுக்கில் ஏற்றிவிட்டு, "தண்ணி மேல படாதும்மா, சும்மா தெளிக்கும்" என்றார். தெளித்தது. மகள் தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட வந்து நின்றாள். மாற்றுத்துணிப் பையோ விடுதி அறையில் கட்டிலுக்கு அடியில் சுகமாக இருந்தது. "எதுக்குச் சுமக்கணும்" என்று காலையில் அதை வைத்துவிட்டு வந்தவரும் அவரே.

ராட்டினத்தடியில் நின்ற ஆள் பார்த்ததுமே கையை விரித்தான். "ஈரத்துணியோட ஏத்த மாட்டோம்க. சீட்டு வழுக்கும்."

பார்க்குக்குள்ளே இருந்த ஒரே கடையில் தொப்பியும் சாவிக்கொத்தும் பொம்மையும்தான். உடுத்திக்கொள்ள ஒரு முழத் துணி கிடையாது. மடிப்பக்கா கணவரைப் பார்த்தாள். இவரை அனுப்பினால் கல்லூரிக்குப் போகிற பெண்ணின் அளவில் வாங்கிக்கொண்டு வந்து, "வளர்ற பிள்ளைதானே" என்பார்.

"நானே போய் எடுத்துட்டு வந்துடறேன்."

"கடைக்குப் போக மாட்டேன்னு சத்தியம் பண்ணியே" என்றாள் மகள். அப்பாவின் சட்டையைப் போர்த்திக்கொண்டு பல் தந்தியடிக்க நின்றாலும் சத்தியத்தை மறக்கவில்லை.

"இது கடைக்குப் போறது இல்ல கண்ணு. துணி எடுக்கப் போறது. பத்து நிமிஷம்."

மகள் அப்பாவைப் பார்த்தாள். பனியனோடு நின்ற அப்பா வானத்தைப் பார்த்தார்.

வாசலில் இருந்த அம்மாள் மடிப்பக்காவின் புறங்கையில் நீல மையில் ஒரு முத்திரை குத்தினாள். "அஞ்சு மணிக்குள்ள வந்துடுங்க. அதுக்கு மேல உள்ள விட மாட்டோம்." அப்போது மணி மூன்றே முக்கால்.

வாசலுக்கு எதிரே வரிசையாகக் கடைகள். வேறு யாராவது என்றால் முதல் கடையில் நுழைந்திருப்பார்கள். மடிப்பக்கா ஒரு கவுனின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தாள், தையலை நகத்தால் ஒரு நெருடு நெருடினாள், வைத்துவிட்டாள். ஒரு துவையலில் கைக்குட்டையாகிவிடும். வாசல் கடை அவசரக்காரனுக்கு விரித்த வலை என்பது அவளுக்குத் தெரியாதா? நல்ல கடை வேண்டுமென்றால் அங்கேயே பிழைக்கிறவர்கள் தங்கள் வீட்டுக்கு எங்கே வாங்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்துப் பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு ஒரு கரடி வெளியே வந்தது. காலையில் மகளோடு கைகுலுக்கிய அதே கரடி. தலையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, வியர்த்து வழிகிற முகத்தோடு பின்தெருவைப் பார்த்து நடந்தது. மடிப்பக்கா பின்னாலேயே போனாள். பேருந்து நிறுத்தம், சைக்கிள் பழுது பார்க்கிற இடம், சலவைக்கடை எல்லாம் தாண்டியது. கரடி இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு நின்றது.

"ஏங்க, போட்டோ எடுக்கிறதுன்னா உள்ளதான். அஞ்சு மணி வரைக்கும் எனக்கு ஓய்வு."

"போட்டோ வேணாங்க. உங்க வீட்டுப் பிள்ளைங்களுக்குத் துணி எங்க எடுப்பீங்க?"

இத்தனை வருஷத்தில் கரடியிடம் யாரும் கேட்காத கேள்வி. மனுஷனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இதோ, இந்த டீக்கடைக்கு எதிர்த்தாப்புல. கடை சின்னதுதான், சரக்கு சுத்தமா இருக்கும்" என்று காட்டிவிட்டு டீக்கடை பெஞ்சில் தலையைப் பக்கத்தில் வைத்து உட்கார்ந்தது.

கரடி பொய் சொல்லவில்லை. நல்ல கடைதான். நுழைந்த நான்காவது நிமிஷம் மடிப்பக்கா கையில் ஒரு மஞ்சள் கவுன் இருந்தது. பருத்தி, இரட்டைத் தையல், மகள் அளவுக்குக் கச்சிதம். அப்படியே கடைக்காரரிடம் நீட்டிவிட்டுத் திரும்பியிருந்தால் சொல்வதற்குக் கதையே இல்லை.

ஆனால் கடை வாசலில் ஒரு சுற்றுலாப் பேருந்து வந்து நின்றது. ஒரு கூட்டமே உள்ளே புகுந்தது. கடைக்காரர் தனி ஆள். விற்பனைக்கு நிற்கிற பெண் அன்றைக்கு வரவில்லை போலிருக்கிறது. காதில் போன், கழுத்தில் டேப்பு, கண்ணில் கலக்கம். மேஜை மேல் சட்டைகள் குப்பை மாதிரிக் குவிந்தன. ஒரு சட்டையின் கை இன்னொரு சட்டையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. மடிப்பக்கா கையிலிருந்த கவுனை மேஜை ஓரத்தில் வைத்தாள். ஒரே ஒரு சட்டையை மடிப்போம் என்று நினைத்துத்தான் எடுத்தாள். ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்கள். மடித்த கை மட்டும் சும்மா இருக்குமா?

ஆறாவது சட்டையில் ஓர் அம்மாள் கேட்டாள்: "இதுல இன்னும் கொஞ்சம் பெரிசா இருக்கா?"

"இருக்கும்மா. இதே கலரா, இல்ல கொஞ்சம் அடர்த்தியா காட்டட்டுமா?"

சொன்னது வாய்தான், மடிப்பக்கா சொல்லவில்லை. ஆனால் வாய் கிளம்பிவிட்டால் பிறகு யார் பிடிப்பது? "அய்யாவுக்கு இது எடுப்பா இருக்கும்" என்றாள். தொப்பையை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு சின்ன அளவு கேட்ட ஒருவருக்கு, "இந்தக் கம்பெனி அளவே இறுக்கமா வருதுங்க, உங்க மேல தப்பில்ல" என்று பெரியதைக் கொடுத்து மனதையும் குளிர வைத்தாள். கடைக்காரர் ஒரு தடவை அவளைப் பார்த்தார். யார், எந்த ஊர் என்று ஒன்றும் கேட்கவில்லை. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தால் யாராவது விலாசம் விசாரிப்பார்களா? ஸ்டூலை மட்டும் அவள் பக்கம் நகர்த்திவிட்டார்.

நடுவில் ஒருத்தி பெண் குழந்தையோடு வந்து கவுன் கேட்டாள். மடிப்பக்கா மேஜை ஓரத்தில் இருந்ததை எடுத்து உதறிக் காட்டினாள். "பருத்தி, இரட்டைத் தையல். கடைசிப் பீஸ்மா, விட்டா கிடைக்காது. பாத்துட்டு வெச்சுட்டுப் போறதுக்கு இல்ல, எடுத்துட்டுப் போறதுக்கு!"

பதினோரு வருஷமாக அவள் சொல்கிற வசனம் அது. வீட்டில் மகளுக்கே மனப்பாடம். அந்த வசனம் இதுவரை தோற்றதில்லை, இப்போதும் தோற்கவில்லை. மஞ்சள் கவுன் பையில் ஏறி, பேருந்தில் ஏறி, போயே போய்விட்டது. யாருக்கு எடுத்த கவுன், யாருக்கு விற்றோம் என்று ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டாமா? யோசிக்கவில்லையே, பாவி!

ஸ்டூலில் ஏறி, மேல் தட்டிலிருந்து நீலச் சட்டை ஒன்றை எட்டி எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பாமலே, "வாங்கம்மா, வாங்க. என்ன வேணும்?" என்றாள்.

"எங்கம்மா வேணும்."

மடிப்பக்காவின் கை அந்தரத்தில் நின்றது.

"பாத்துட்டு வெச்சுட்டுப் போறதுக்கு இல்ல" என்றது பின்னாலிருந்து வந்த குரல். கேலி மாதிரி ஆரம்பித்து, பாதியில் நடுங்கிவிட்டது. "எடுத்துட்டுப் போறதுக்கு."

திரும்பினாள். மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அழக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தாள், ஆனால் கண் கேட்கவில்லை. பின்னால் அப்பா, சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, பனியனோடு.

"கேட்டுல விசாரிச்சா, கரடி பின்னாடி போனாங்கன்னாங்க" என்றார் அவர். "கரடிய விசாரிச்சா, எதிர்க்கடையில வேலைக்குச் சேந்துட்டாங்கன்னாரு. கழுதை கெட்டா குட்டிச்சுவருன்னு சும்மாவா சொன்னாங்க?"

மடிப்பக்கா ஸ்டூலிலிருந்தே குனிந்து மகளின் தோளைத் தொட்டுப் பார்த்தாள். துணி வெயிலில் உடம்பிலேயே காய்ந்து மொடமொடவென்று இருந்தது.

"எப்பவோ காஞ்சிடுச்சு" என்றாள் மகள். "ராட்டினம் இருபத்தி ரெண்டு தடவ ஆள் ஏத்தி எறக்குச்சு. எண்ணிட்டே இருந்தேன்."

மடிப்பக்காவை வெட்கம் பிடுங்கித் தின்றது. முதலாளி பிடித்து வைத்தார், கூட்டம் விடவில்லை என்று இத்தனை வருஷமாகப் பழியைப் போட ஓர் ஆள் இருந்தது. இன்றைக்கு யார் பிடித்து வைத்தார்கள்? யாருமே இல்லை. சுவர்க் கடிகாரத்தில் ஐந்துக்குப் பன்னிரண்டு நிமிஷம்.

"அக்கா, அந்த நீலச் சட்டை வேற கலர்ல இருக்கா?" என்று யாரோ கேட்டார்கள்.

"தெரியாதுங்க" என்றாள் மடிப்பக்கா. பதினோரு வருஷத்தில் அவள் வாயிலிருந்து வராத வார்த்தை. ஸ்டூலிலிருந்து இறங்கினாள். இரண்டு மடிப்பு மடித்து மூன்றாவது மடிக்காத சட்டையை அப்படியே மேஜையில் போட்டாள். கை அரித்தது. அரிக்கட்டும் என்று மகள் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

"அக்கா, நாளைக்கு எத்தன மணிக்கு வருவீங்க?" என்று கடைக்காரர் வாசல் வரை ஓடி வந்து கேட்டார்.

ஓய்வு முடிந்த கரடியும் தலையை அணைத்துக்கொண்டு கூடவே ஓடிவந்தது. வாசலை எட்டியபோது இன்னும் இரண்டு நிமிஷம் பாக்கி. மகள் கையை நீட்டினாள், முத்திரை இருந்தது. அப்பா நீட்டினார், இருந்தது. மடிப்பக்கா நீட்டினாள். புறங்கை துடைத்துவிட்டாற்போல இருந்தது. ஒரு மணி நேரம் சட்டைகளுக்குள் விட்டு விட்டு எடுத்த கை. வியர்வையும் துணியும் சேர்ந்து மையைச் சுத்தமாகத் தேய்த்துவிட்டிருந்தன.

"முத்திரை இல்லாம விட முடியாதுங்க" என்றாள் வாசல் அம்மாள்.

"நீங்கதாங்க குத்தினீங்க!"

"நான் ஒரு நாளைக்கு ஆயிரம் கைக்குக் குத்தறேன். எந்தக் கைய ஞாபகம் வெச்சுக்க?"

மகள் அம்மாவின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். இப்போது மட்டும் உள்ளே போக முடியாவிட்டால் இந்தப் பிள்ளை இனிமேல் எதையும் தன்னிடம் கேட்கவே கேட்காது என்று மடிப்பக்காவுக்குத் தோன்றியது.

"அவங்க காலையிலேயே வந்தவங்கதான்க்கா" என்றது கரடி, மூச்சு வாங்கிக்கொண்டே. "ஒரு மணி நேரமா எங்க தெருக் கடையில துணி மடிச்சாங்க. மை எப்படி நிக்கும்?"

"லீவுல வந்தவங்க எதுக்குத் துணி மடிச்சாங்க?"

மடிப்பக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"மடிக்காம இருக்க அவங்களால முடியாது" என்றாள் மகள் மெதுவாக. "இன்னிக்கு மட்டும் விடுங்க. நான் பிடிச்சுக்கறேன்."

வாசல் அம்மாள் மகளைப் பார்த்தாள். கரடியைப் பார்த்தாள். அவளும் ஊருக்கெல்லாம் விடுமுறையாக இருக்கும்போது வாசலில் நிற்கிறவள்தானே. முத்திரைக் கட்டையை எடுத்து மடிப்பக்காவின் கையில் நச்சென்று குத்தினாள். "இனிமே எதையும் மடிக்காதீங்க. ஓடுங்க!"

ராட்டினத்தில் அன்றைய கடைசி ஆட்களாக ஏறினார்கள். அப்பா கீழேயே நின்றுகொண்டார். மேலே போனால் அவருக்குத் தலை சுற்றும். கூண்டு கிளம்பியதும்தான் மடிப்பக்காவுக்குத் தனக்கும் சுற்றும் என்பது தெரிந்தது. பதினோரு வருஷத்தில் ஸ்டூலைவிட உயரமாக எதிலும் ஏறியதில்லை அவள். கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

உச்சியில் போய் ராட்டினம் நின்றது. காற்று அடித்தது. "அம்மா, எல்லாம் தெரியுது, பாரேன்" என்றாள் மகள்.

மடிப்பக்கா மெல்லக் கண்ணைத் திறந்தாள். விடுதி தெரிந்தது, ரயில் பாதை தெரிந்தது, பேருந்து நிறுத்தம் தெரிந்தது. அதைத் தாண்டிச் சலவைக்கடை. அதற்கும் கொஞ்சம் தள்ளி...

சட்டென்று ஒரு சின்னக் கை வந்து அவள் கண்ணைப் பொத்தியது.

"ஏண்டி, எனக்கு இப்ப பயமில்லடி!"

"எனக்கு இருக்கு" என்றாள் மகள். "அந்தப் பக்கம் கடை தெரியுது."