முன்கூட்டியே எழுதிய நன்றி

அந்தச் சபையில் சுகம் கிடைத்த பிறகு நன்றி சொல்கிறவன் அரைகுறை விசுவாசி. கிடைக்கும் முன்பே கிடைத்துவிட்டதாகச் சீட்டு எழுதிப் பெட்டியில் போட வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு போதகர் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக வாசிப்பார். சபை அல்லேலூயா போடும்.

வெல்டரும் எழுதினான். பட்டறையில், வேலைச்சீட்டின் பின்பக்கம், கரி விரலோடு: ‘என் மனைவியின் இரண்டு கிட்னிகளையும் குணமாக்கின தேவனுக்கு ஸ்தோத்திரம்.’ போட்ட ஒன்பதாம் நாள் அவள் செத்தாள்.

அடக்கம் முடிந்து பத்து நாளில் முதல் ஞாயிறு வந்தது. பெட்டிச் சாவி அவளுடைய அண்ணனிடம் இருந்தது. வெல்டர் ஆராதனைக்கு முன்பே போய் அவனை வாசலில் மடக்கினான்.

“மச்சான், பெட்டியைத் திற. என் சீட்டு வேணும்.”

“எந்தச் சீட்டு?”

“உன் தங்கச்சி பொழச்சுட்டதா எழுதின சீட்டு.”

மச்சான் சாவியை உள்ளங்கையில் மூடிக்கொண்டான். “போட்டதைத் திரும்ப எடுத்தா அவிசுவாசம். ஐயா என் தோலை உரிச்சுடுவாரு.”

“ரொம்பத்தான் பட்டுத் தோலு.”

“மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காத மாப்ள. சந்தோஷமா இரு. பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?” சொல்லும்போதே அவன் கண் கலங்கியது. மூக்கைச் சிந்துவதுபோல் கைக்குட்டைக்குள் அதை ஒளித்துக்கொண்டான். அங்கே எல்லோரும் துக்கத்தைத் திருட்டுச் சாமான்போலத்தான் வைத்திருந்தார்கள்.

ஆராதனையில் ஆறாவதாக வந்தது வெல்டரின் சீட்டு. போதகர் அதே வேகத்தில் வாசித்துவிட்டார். சபையும் பழக்கதோஷத்தில் “அல்லேலூயா!” என்று முழங்கியது. பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. கைதட்டல் பாதியில் நின்றது.

போதகர் சமாளிக்கத் தெரிந்தவர். “அந்தச் சகோதரிக்கு இப்ப பரலோகத்துல பூரண சுகம்! ஆமென் சொல்லுங்க!”

“ஆமென்!” சபைக்கு மூச்சு வந்தது.

வெல்டர் எழுந்தான். “ஐயா, நான் பூரண சுகம்னு எழுதல. கிட்னின்னு எழுதினேன்.”

“தம்பி, உக்காருங்க. பிறகு பேசலாம்.”

“அழுதா விசுவாசம் போயிடும்னு சொன்னீங்க. அவ படுக்கைக்குப் பக்கத்துல பல்லைக் காட்டிக்கிட்டே நின்னேன். கடைசி நாள், பயமா இருக்குங்கன்னு அவ சொன்னா. அல்லேலூயா சொல்லுடின்னு வாயை அடைச்சேன். அவளும் சொன்னா. சொல்லிட்டுத்தான் செத்தா.” சபையைப் பார்த்துத் திரும்பினான். “அந்தச் சீட்டு பொய். அதுக்கு யாரும் ஆமென் போடாதீங்க.”

உட்கார்ந்தான். அழுகை வந்தது, அடக்கவில்லை. பின்வரிசையில் மச்சான் கைக்குட்டை இல்லாமலே அழுதான். போதகர் சீட்டுகளைக் கொஞ்ச நேரம் புரட்டினார். ஏழாவதை வாசித்தார். யாருக்கோ வேலைமாற்றம் கிடைத்திருந்ததாம். அல்லேலூயா மெலிந்து வந்தது.

அழுதுகொண்டிருந்தபோதே வெல்டரின் நெஞ்சுக்குள் ஏதோ இளகியது. பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தமாதிரி இருந்தது. இத்தனை வருஷம் சத்தம் போட்டுக் கூப்பிட்டும் வராத சந்தோஷம், கூப்பிடாமல் இப்போது வந்து நின்றது. அவனுக்கு ஆத்திரம்தான் வந்தது.

‘அவ பயந்துக்கிட்டு கிடந்தப்ப வழி தெரியலையாக்கும்’ என்று மனதுக்குள் கேட்டான்.

பக்கத்தில் வந்ததற்கு அவன் முகம் கொடுக்கவில்லை. போகச் சொல்லவும் இல்லை.