விருந்தாளி வாய்

எங்கள் வில்லோ தெருவில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு வாய். ஒன்று வீட்டு வாய், இன்னொன்று விருந்தாளி வாய். வீட்டு வாய் குழம்பில் உப்பில்லை என்று சொல்லும், செருப்பு கடிக்கிறது என்று அழும். விருந்தாளி வாய்க்குத் தெரிந்தது மூன்றே வாக்கியம்: "ரொம்ப நல்லா இருக்கு." "ஒண்ணும் வேண்டாம், தேங்க்ஸ்." "உங்க வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரும் பாதிரியார் கோழித் தொடை இரண்டையும் தன் தட்டுக்குக் கடத்திக்கொண்டாலும், எங்கள் பிள்ளைகள் கழுத்து எலும்பைச் சப்பியபடி "ரொம்ப நல்லா இருக்கு" என்றுதான் சொல்லும். சொல்லாத பிள்ளைக்கு மறுநாள் உட்காரக் கஷ்டமாக இருக்கும்.

அந்த விருந்தாளி வாய்தான் வெர்னல் டாட்டமின் வழக்கைக் கவிழ்க்கப் பார்த்தது.

வெர்னல் எனக்கு எதிர்வீடு. முன்பக்கம் பியூட்டி பார்லர், பின்பக்கம் குடித்தனம். நடுவில் ஒரு திரை. அந்தத் திரைக்குப் பின்னால் நடப்பது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். அவளுக்கு ஒரே மகள், லொரீன். குன்றின் மேல் இருக்கிற செங்கல் பள்ளிக்கூடத்தில் லொரீன் படிக்க வேண்டும், வெர்னலுக்கு அது ஒன்றுதான் குறி. அது வெள்ளைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம். கறுப்பர்களான எங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் கீழே, ஓடைக்கரையில். மழை பெய்தால் வகுப்பு நடுவில் வாளி வைப்பார்கள். புத்தகங்கள் குன்றிலிருந்து கிழிந்த பிறகு இறங்கிவரும், முதல் பக்கத்தில் வேறு யாரோ டாமி, சூசன் பெயர் எழுதியிருக்கும்.

வாஷிங்டனில் பெரிய கோர்ட் இப்படிப் பிரித்துவைப்பது தப்பு என்று சொல்லி வருஷங்கள் ஆகிவிட்டன. எங்கள் ஜார்ஜியா மூலைக்கு அந்தச் சேதி நடந்தே வந்துகொண்டிருந்தது போல. அதனால் வெர்னல் வழக்குப் போட்டாள். தலைக்கு எண்ணெய் வைக்க வருகிறவர்கள் எல்லாம் எங்கள் ஆட்களே என்பதால் அவளை வேலையை விட்டுத் துரத்த எந்த முதலாளியும் இல்லை. வீட்டு முன்னால் வெள்ளைக்காரர்களின் கார் ஒன்று மிரட்டுகிற மாதிரி இரண்டு ராத்திரி விளக்கை அணைத்துக்கொண்டு நின்றது. வெர்னல் சூடான சீப்பைக் கையில் பிடித்தபடி வாசலுக்குப் போய், "முடி நேராக்கணுமா தம்பி?" என்று கேட்டாள். கார் போய்விட்டது.

வக்கீல் பிங்க்னி அட்லாண்டாவிலிருந்து வருகிறவர். சட்டை மடிப்பு கலையாத மனிதர். ஒருநாள் வெர்னலிடம் சொன்னார்: "பள்ளிக்கூட நிர்வாக போர்டு புதுசா ஒரு வாதம் கிளப்புது மிசஸ் டாட்டம். கறுப்புப் பிள்ளைங்க அதுங்க பள்ளிக்கூடத்துலயே சந்தோஷமா இருக்கு, மாத்தினா மனசு கெட்டுடும்னு சொல்றாங்க. நமக்கும் ஆராய்ச்சி வேணும். அடுத்த வாரம் ஒரு டாக்டர் வந்து பிள்ளைங்களைப் பார்ப்பாங்க. மனோதத்துவம் படிச்சவங்க."

அவ்வளவுதான் சொன்னார். எப்படிப்பட்டவர், என்ன பெயர், ஒன்றும் சொல்லவில்லை. படித்தவர்களுக்கு அதெல்லாம் சின்ன விஷயம்.

டாக்டர் வருகிறார் என்றால் எங்கள் தெரு சும்மா இருக்குமா? பிள்ளைகளைத் தேய்த்துக் குளிப்பாட்டினோம். ஈஸ்டர் சட்டைகள் பெட்டியிலிருந்து வெளியே வந்தன. வெர்னலும் நானும் அவள் பார்லரில் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து ஒத்திகை பார்த்தோம்.

"டாக்டர் உன்கிட்ட பள்ளிக்கூடம் எப்படி இருக்குன்னு கேப்பாரு. என்ன சொல்லுவே?" என்று கேட்டாள் வெர்னல்.

லொரீன் முழங்காலைச் சேர்த்துவைத்துக்கொண்டு, "ரொம்ப நல்லா இருக்கு சார். உங்க வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்றாள்.

"அடி என் தங்கமே!" என்று நான் கன்னத்தைக் கிள்ளினேன். கோர்ட்டுக்கு நல்ல பிள்ளைகளைக் காட்ட வேண்டாமா என்பதுதான் எங்கள் எண்ணம். எண்ணத்தில் என்ன குறை சொல்ல முடியும்?

செவ்வாய்க்கிழமை ஓடைக்கரைப் பள்ளிக்கூடத்துக்கு டாக்டர் வந்தார். உயரமான வெள்ளைக்காரர், கழுத்தில் வண்ணத்துப்பூச்சி மாதிரி முடிச்சுப் போட்ட டை, வடக்கே மினசோட்டா பக்கம் பேச்சு. டாக்டர் லிண்ட்க்விஸ்ட். நியூயார்க்கில் நமக்காகப் பேசும் வெள்ளைக்காரர்கள் உண்டே, அப்படி ஒருவர் என்று நினைத்துக்கொண்டோம். நான் அவருக்குப் பீச் பழம் வைத்த 'பை' பலகாரம் கூடச் சுட்டுக்கொண்டு போனேன், அப்படியே கதவிடுக்கில் நின்றேன்.

அன்றைக்கு மழை வேறு. அவர் ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, "உனக்கு இந்தப் பள்ளிக்கூடம் பிடிச்சிருக்கா? வேற எங்கயாவது போகணும்னு ஆசையா?" என்று கேட்டார். வாளியில் டொக் டொக் என்று தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. ஒரு சொட்டு அவர் தொப்பி மேலேயே விழுந்தது. பையன் ஒருவன் பதறாமல், "ரொம்ப நல்லா இருக்கு சார். அது புது மழைத் தண்ணி சார், கெடுதல் இல்லை" என்றான். நான் பெருமையில் இரண்டு அங்குலம் வளர்ந்துவிட்டேன்.

லிண்ட்க்விஸ்ட் முகமெல்லாம் சிரிப்பாகப் போனார். பீச் பையை ஒரு துண்டு விடாமல் தின்றுவிட்டுத்தான் போனார்.

வெள்ளிக்கிழமை, ஒரு சின்னக் கறுப்புப் பெண்மணி பெட்டியோடு பார்லருக்குள் நுழைந்தாள். ரயிலில் வந்த தலை, கிளி கொத்தின மாதிரி இருந்தது. வெர்னல் தலையைப் பார்த்தாள், வேறொன்றும் பார்க்கவில்லை. "வாங்க, உட்காருங்க" என்று நாற்காலியில் சாய்த்து, தொட்டியில் தலையை இறக்கி, நுரை போட ஆரம்பித்துவிட்டாள்.

நுரைக்குள்ளிருந்து குரல் வந்தது. "மிசஸ் டாட்டம், நான் டாக்டர் வின்புஷ். பிங்க்னி அனுப்பினார். பிள்ளைங்களைப் பார்க்க வந்தேன்."

"டாக்டர்தான் செவ்வாய்க்கிழமையே வந்துட்டுப் போயாச்சே" என்றாள் வெர்னல்.

"எந்த டாக்டர்?"

வெர்னலின் கை நின்றுவிட்டது. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நான் பெயரைச் சொன்னேன். வின்புஷ் நுரையோடு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அவர் போர்டு கூட்டிட்டு வந்த ஆள்! பிள்ளைங்க என்ன சொன்னாங்க?"

வெர்னல் குழாயைத் திருகி மூடினாள். திரைக்குப் பின்னாலிருந்து லொரீன்தான் எட்டிப் பார்த்துப் பாடம் ஒப்பித்தாள்: "ரொம்ப நல்லா இருக்கு மேடம். உங்க வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

வெர்னல் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சர்ச் வழக்கப்படி நான் அவளுக்கு சிஸ்டர். "போச்சு சிஸ்டர் இடெல்லா, எல்லாம் போச்சு. என் பொண்ணுக்குக் குன்று கிடையாது. என் வாயாலயே என் வழக்கைத் தோக்கடிச்சுட்டேன்."

வின்புஷ் என்ன செய்தாள் தெரியுமா? சிரித்தாள். சோப்பு நுரை காதில் வழிய, நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தாள். "எங்கம்மாவும் ஜார்ஜியாதான், சவன்னாக்காரி. நானும் இதே வாயோட வளர்ந்தவதான். முடியை முடிச்சுவிடுங்க. பள்ளிக்கூடம் எப்படின்னு நான் அவங்களைக் கேக்கப் போறதே இல்லை."

கேட்கவும் இல்லை. மறுநாள் சர்ச் கூடத்தில் பிள்ளைகளுக்கு வண்ணக் குச்சி கொடுத்து, "ஒரு பள்ளிக்கூடம் வரைங்க, அதுல உங்களையும் வரைங்க" என்று மட்டும் சொன்னாள். படம் வரைவதற்கு விருந்தாளி வாய் தேவைப்படாதே. ஒருத்தர் விடாமல் வரைந்தது குன்றின் செங்கல் கட்டடம். கொடிக்கம்பம், ஜன்னல், ஊஞ்சல், எல்லாம் சரியாக. தன்னை வரையச் சொன்னதற்கு, ஒவ்வொருவரும் வேலிக்கு வெளியே, எறும்பு மாதிரி ஒரு உருவம்.

லொரீன் படத்தைக் காட்டி வின்புஷ் கேட்டாள்: "ஏன் கண்ணு உள்ள போகலை?"

"கால்ல சேறு மேடம்" என்றாள் லொரீன். "தரை அழுக்காயிடும்."

நான் எதையும் விட்டுவைக்காமல் பேசுகிறவள்தான். அன்றைக்குக் கீழே சிதறின வண்ணக் குச்சிகளைப் பொறுக்கி, நிறவாரியாகப் பெட்டியில் அடுக்கினேன். வெர்னல் அதைக் கவனித்து, பிறகு ஒரு வாரம் என்னைக் கேலி செய்தாள்.

கோர்ட்டில் லிண்ட்க்விஸ்ட் மணி மணியாகப் பேசினார். பிள்ளைகள் அத்தனை பேரும் திருப்தி, மாற்ற வேண்டாம், அறிவியல் சொல்கிறது. பிங்க்னி எழுந்தார்.

"டாக்டர், பிள்ளைங்க மரியாதைக்காக அப்படிச் சொல்லலைன்னு எப்படி உறுதியாச் சொல்றீங்க?"

"மரியாதைக்காகவா? நான் தெளிவா கேட்டேன். எங்க ஊர்ல பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லிடுவாங்க."

கோர்ட்டின் இரண்டு பக்கமும், வெள்ளை வரிசையிலும் எங்கள் வரிசையிலும், ஒரே நேரத்தில் சிரிப்பை மறைக்கும் இருமல் கிளம்பியது.

வின்புஷ் படங்களைக் காட்டினாள். போர்டு வக்கீல் கேர்ன்ஸ், "கிறுக்கல்! யாரோ சொல்லிக்கொடுத்து வரைய வெச்சிருக்காங்க" என்று மேஜையைத் தட்டினார். அதனால் பிங்க்னி என்னைக் கூண்டில் ஏற்றினார். ஏறுவதற்கு முன் வெர்னல் என் முழங்கையைப் பிடித்தாள்.

"சிஸ்டர் இடெல்லா, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. உங்களைக் கும்பிடறேன்."

"நான் எப்ப அதிகம் பேசியிருக்கேன்?" என்றேன். அவள் வானத்தைப் பார்த்தாள்.

பைபிள் மேல் கைவைத்துச் சத்தியம் செய்தேன். படம் வரைந்தபோது யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை என்று சொன்னேன். பிங்க்னி "நன்றி மிசஸ் பர்விஸ்" என்று உட்கார்ந்தார். கேர்ன்ஸ் வந்தார். அவர் வாயில் எங்களில் யாருக்கும் மிசஸ் கிடையாது.

"எப்படி இருக்கே இடெல்லா?"

"ரொம்ப நல்லா இருக்கேன் சார். உங்க வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியம். உங்க ஓடைக்கரைப் பள்ளிக்கூடம் எப்படி இருக்கு? சொல்லேன், எல்லாரும் கேக்கட்டும்."

"ரொம்ப நல்லா..." என்று என் வாய் தானாகவே கிளம்பிவிட்டது. கேர்ன்ஸ் ஜட்ஜ் பக்கம் திரும்பிப் புன்னகை செய்தார். வெர்னல் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். என் உள்ளங்கையில் மட்டும் அந்தப் பைபிளின் தோல் அட்டை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

"இருங்க சார்" என்றேன். "முதல்ல கேட்ட கேள்விக்குப் பதிலை மாத்திக்கலாமா?"

"எந்தக் கேள்வி?"

"எப்படி இருக்கேன்னு கேட்டீங்களே. நான் நல்லா இல்லை சார். கால் ஆணி உயிரை எடுக்குது. இந்தச் செருப்பு என் தங்கச்சியோடது. சத்தியம் பண்ணிட்டேன்னு மறந்துபோய் விருந்தாளி வாயால பேசிட்டேன்."

ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்தார். "அது என்ன வாய்?"

கேட்டார் பாருங்கள். வழக்கில் என்னிடம் யாராவது ஒழுங்காகக் கேட்ட முதல் கேள்வி அது. நான் எல்லாம் சொன்னேன். பாதிரியாரும் கோழித் தொடையும், ஈஸ்டர் சட்டை, ஒத்திகை, பீச் பை.

கேர்ன்ஸ் துள்ளினார். "ஆக, சொல்லிக்கொடுத்தீங்க! ஒத்துக்கறே!"

"ஆமா சார். ஒரு வாரம் முழுக்க. வின்புஷ் அம்மாவுக்கு இல்லை, உங்க டாக்டருக்கு. யார் என்ன கேட்டாலும் நல்லா இருக்குன்னு சொல்லணும்னு. அவர் தொப்பியில கூரை ஒழுகினப்பவும் பிள்ளைங்க அதையே சொன்னாங்களே, அவரைக் கேளுங்க."

சிரிப்பு எங்கே ஆரம்பித்தது என்று தெரியவில்லை. வெள்ளை வரிசையில் முதலில் என்பது என் சந்தேகம். ஒரு கிழவி தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். ஜட்ஜ் சுத்தியால் தட்டினார், தட்டும்போது அவர் தோளும் ஆடியது.

"ஆட்சேபணை!" என்றார் கேர்ன்ஸ். "இவ ஒண்ணும் விஞ்ஞானி இல்லை!"

"உட்காருங்க கேர்ன்ஸ். உங்க அம்மாவை எனக்குத் தெரியும். உங்களையும் இதே மாதிரிதான் வளர்த்தாங்க." ஜட்ஜ் லிண்ட்க்விஸ்டைப் பார்த்தார். "டாக்டர், காலைல வராந்தாவுல என்னை எப்படி இருக்கீங்கன்னு கேட்டீங்க. நான் என்ன சொன்னேன்?"

"நல்லா இருக்கேன்னு சொன்னீங்க, ஐயா."

"ராத்திரி முழுக்கப் பல்வலி" என்றார் ஜட்ஜ். "அந்தப் படங்களை இப்படிக் கொடுங்க." பார்த்தார், நிறைய நேரம் பார்த்தார். லொரீன் படத்துக்குக் கீழே வின்புஷ் எழுதிவைத்திருந்த 'கால்ல சேறு' என்ற இடத்தில் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "இதைச் சாட்சியமா ஏத்துக்கறேன்" என்றார்.

கோர்ட் வாசலில் வெர்னல் என்னைக் கட்டிப்பிடித்த வேகத்தில் என் கால் ஆணியை மிதித்துவிட்டாள். "வலிக்குதா சிஸ்டர்?" என்றாள். "ரொம்ப நல்லா இருக்கு" என்றேன். வின்புஷ் படிக்கட்டிலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

தீர்ப்பு கோடையில் வந்தது. செப்டம்பரில் லொரீன் குன்று ஏறினாள். வெர்னல் முந்தின நாள் முழுக்கப் புது ஒத்திகை நடத்தினாள்: "அது உன் பள்ளிக்கூடம். நீ அங்க விருந்தாளி இல்லை. வீட்டு வாயை எடுத்துட்டுப் போ."

நான் தற்செயலாக வேலியோரம் செடி பார்த்துக்கொண்டிருந்தேன். குன்றுப் பள்ளிக்கூடத்து வேலியில் எனக்கென்ன செடி என்று கேட்டால் பதில் கிடையாது. லொரீன் வாசல் கால்மிதி மேல் நின்று செருப்பைத் தேய் தேய் என்று தேய்த்தாள். கதவருகே நின்ற டீச்சர், நீலக் கண்ணாடிக்காரி, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு கேட்டாள்: "எப்படி, எங்க பள்ளிக்கூடம் பிடிச்சிருக்கா?"

வெர்னலின் நகம் என் கையில் இறங்கியது.

லொரீன் நிமிர்ந்து பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள், கொடியைப் பார்த்தாள், நடைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஜன்னல் நல்லா இருக்கு மேடம்" என்றாள். "ஆனா நம்ம தண்ணிக் குழாய் ஒழுகுது. யாராவது பார்க்கணும்."

அப்புறம் உள்ளே போய்விட்டாள். செருப்பில் கொஞ்சம் சேறு இருக்கத்தான் செய்தது.