பெயரும் நம்பரும்

காரை நிறுத்துவதற்குள் வெர்னா மூன்றாம் முறையாகப் பாடம் நடத்திவிட்டாள்.

"ஜெயிலுக்குப் போயிருக்கியான்னு கேட்டா இல்லைன்னு சொல்லு. கதை அளக்க ஆரம்பிச்சிடாதே."

"பொய்யாச்சேக்கா."

"சட்டமே இல்லைன்னு சொல்லலாங்குதுடா. உனக்கென்ன வலிக்குது?"

லமான்ட் ஹேய்ஸ் பெருமூச்சு விட்டான். இருபத்திரண்டு வயதில் ஒரு காரைத் திருடி நாலு வருஷம் உள்ளே இருந்தவன். இப்போது தாடி நரைத்துவிட்டது. டெட்ராய்ட்டில் அவன் வாடகைக்கு வீடு கேட்டு ஏறி இறங்காத படி இல்லை. போலீஸ் பதிவைப் பார்ப்பார்கள், கதவைச் சாத்துவார்கள். அக்கா வீட்டு சோபாவே கதியென்று கிடந்தான். அதற்கும் இப்போது ஆபத்து. வெர்னாவின் மகள் கைக்குழந்தையோடு வரப்போகிறாள்.

சட்டசபைக்காரர்கள் ஒருவழியாகக் கண் திறந்தார்கள். பல வருஷம் ஒழுங்காக இருந்தவர்களின் பழைய பதிவைக் கணினியே நீக்கிவிடுமாம். மனு வேண்டாம், வக்கீல் வேண்டாம். லமான்டின் பதிவும் அப்படித்தான் போயிற்று. நல்லா இருக்கட்டும், இருபது வருஷம் முன்னாடி செய்திருக்கலாம்.

வீட்டுக்காரி திருமதி புரூயிட் காபி கொடுத்து உட்கார வைத்தாள். மாடியில் இரண்டு அறை, தெருவைப் பார்த்த ஜன்னல். அவனுக்குப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று.

"விசாரிச்சேன். உங்க மேல ஒண்ணுமே இல்லை. நல்ல மனுஷன் கிடைக்கிறது இந்தக் காலத்துல கஷ்டம்" என்று சிரித்தபடி வாடகைப் பத்திரத்தை எடுத்தாள். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குனிந்தபடியே கேட்டாள்.

"பத்திரத்துல எழுதணும். பேர்?"

லமான்ட் விறைப்பாக எழுந்து நின்றான். கைகள் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போயின.

"ஹேய்ஸ், மேடம். இரண்டு, ஒன்று, ஏழு, நான்கு..."

பாதியில் நிறுத்தினான். ஜெயிலுக்குள்ளே பெயரைக் கேட்டால் கைதி நம்பரும் சேர்ந்து வர வேண்டும். வராவிட்டால் சாப்பாட்டு வரிசையில் நிற்க விடமாட்டார்கள்.

அவள் பேனாவை மூடினாள்.

"என் வீட்டுக்காரர் ஜெயில்லதான் காவலரா இருந்தார்" என்றாள் மெதுவாக. "நான் யோசிச்சுச் சொல்றேனே."

இந்தப் பதில் அவனுக்கு மனப்பாடம். காபிக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்கினான்.

"என்னடா, பதிவு இன்னும் இருக்கா?" என்று காரில் காத்திருந்த வெர்னா பதறினாள்.

"அவங்ககிட்ட இல்லக்கா. நானே கொண்டுபோய்க் கொடுத்துட்டேன்."

நடந்ததைச் சொன்னான். அவளுக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை. வண்டியைக் கிளப்பினாள்.

"தொட்டிலை என் ரூம்ல போட்டுக்கலாம்" என்றாள். "நீ சோபாவுலயே படு."