பின்பக்க லிஃப்ட்

அந்தக் கட்டடத்தின் பெயரைச் சொன்னாலே டாக்சிக்காரர்கள் சல்யூட் அடித்த காலம் உண்டு. ஒரு கப்பல் முதலாளி, ஒரு நடிகை, இரண்டு மந்திரிகள் எல்லாம் குடியிருந்த இடம். முன்பக்கம் பித்தளைக் கதவு போட்ட லிஃப்ட். பின்பக்கம், குப்பைக்கும் சிமெண்ட் மூட்டைக்கும் இன்னொன்று.

இறந்தவர்களும் பின்பக்கம்தான் போக வேண்டும் என்று விதி போட்டவர் ஐந்தாம் மாடி ஜட்ஜ் வீட்டம்மா. அப்போது அவர்தான் சங்கத் தலைவி. "விருந்தாளிங்க வர்ற வழிங்க அது!" என்றார். எல்லோரும் கை தூக்கினார்கள்.

இன்று காலை ஜட்ஜ் போய்விட்டார்.

"அண்ணனக் குப்பை லிஃப்ட்லயா இறக்குறது, அண்ணி? ஊரே கைகட்டி நின்ன மனுஷன்!" என்று கொதித்தார் கொழுந்தன்.

இப்போது சங்கச் செயலாளர் எதிர்வீட்டு வயலின் வாத்தியார். அவருடைய தாயார் இறந்த அன்று, "ரூல்னா எல்லாருக்கும் ரூல்தான்" என்று பித்தளைக் கதவுக்குக் குறுக்கே நின்றவர் இதே அம்மாள்தான்.

"வாத்தியாரே... கேக்க எனக்கு வாயில்ல. இவர் மட்டும் முன்பக்கமா போகட்டுமே."

"வாங்கம்மா" என்றவர், கதவைத் தானே இழுத்துத் திறந்தார்.

ஸ்ட்ரெச்சர் பாதி நுழைந்து முட்டிக்கொண்டது. உள்ளே பாதித் தரையை அடைத்துக்கொண்டு சிவப்பு வெல்வெட் பெஞ்ச். விருந்தாளிகள் உட்கார்ந்து வரட்டுமென்று அம்மாள் சுவரோடு பதிக்கச் சொன்னது. கொழுந்தன் உதைத்துப் பார்த்தார். அசையவில்லை.

"எமனே வந்தாலும் பேராதுபோல இருக்கே, அண்ணி!"

படிக்கட்டோ வளைந்து வளைந்து இறங்கும் பளிங்குப் படி; ஸ்ட்ரெச்சர் திரும்பாது. வேறு வழியில்லை. பின்பக்கம் போனார்கள். அழுகிய காய்த்தோல் நாற்றம். அம்மாள் அங்கே வந்து நிற்பது இதுதான் முதல் தடவை. அந்த லிஃப்டும் சின்னது. தூக்கி வந்தவர்கள் திருதிருவென விழித்தார்கள்.

"படுத்த வாக்குல நுழையாதுங்க" என்றார் வாத்தியார். "கால்பக்கம் முதல்ல விட்டு, தலைப்பக்கத்தத் தூக்கிச் சாய்க்கணும். நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு துணி கட்டுங்க, இல்லேன்னா சரிஞ்சிடும். கழுத்த நான் பிடிச்சுக்கறேன்."

அம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னைக்கு உங்கம்மாவ... ஒத்தையாவா பிடிச்சுக்கிட்டுப் போனீங்க?"

"ரெண்டாவது மாடி தாண்டும்போது ஒரு குலுக்கல் வரும்மா. சத்தம் கேட்டா பயந்துடாதீங்க. நான் விடமாட்டேன்."

உள்ளே வாத்தியாருக்கும் ஜட்ஜுக்கும் மட்டும்தான் இடமிருந்தது. அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். இரண்டாவது மாடியில் அந்தச் சத்தம் கேட்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.