ஒற்றைப் பலகையும் ஒரு நேர்த்தியும்

...இன்னும் ஒரு பிடி இழுத்தால் மூச்சே நின்றுவிடும், ஆனாலும் சறுக்கப் பழக்குகிற ஹேலி இழுக்கிறாள், தொடைக்கு மேலே ஒரு வார், இடுப்புக்கு ஒன்று, நெஞ்சுக்கு ஒன்று, இறுக்கமாக இருந்தால்தான் நீ சொல்வதைப் பலகை கேட்கும் என்கிறாள், சரி, பலகையாவது கேட்கட்டும், வீட்டில் யார் கேட்கிறார்கள்? வாளி மாதிரி ஓர் இருக்கை, அதற்குள் நான், எனக்குக் கீழே ஒரேயொரு சறுக்குப் பலகை, இரண்டு கையிலும் நுனியில் குட்டிப் பலகை பூட்டிய ஊன்றுகோல்கள். பனிச்சறுக்கு என்று பேர்தான், லண்டனில் பனிக்கு எங்கே போவது, வீடு கூட்டுகிற தும்புத்தடிகளைக் கவிழ்த்து அடுக்கியதுபோல வெள்ளைப் பிளாஸ்டிக் தும்பு விரித்த சரிவு இது, வழுக்குவதற்குத் தண்ணீர் தெளிக்கிறார்கள், விழுந்தால் தோல் உரியும். சனிக்கிழமை தோறும் எட்மண்டனில் இருக்கிற வீட்டிலிருந்து என் மனிசன் கஸ்பர் காரில் கொண்டுவந்து, தூக்கி இருத்தி, தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு, "நான் உள்ளுக்கை கோப்பி குடிச்சுக்கொண்டு நிக்கிறன், கவனமப்பா" என்பார். சரிவின் அடியில் கண்ணாடிச் சுவர் வைத்த சிற்றுண்டிக் கடை. அங்கிருந்து அவருடைய கண் என் முதுகில் இருக்கும், முதுகில் எதுவரைக்கும் எனக்கு உணர்வு இருக்கிறதோ அதுவரைக்கும் அது தெரியும்.

முதல் பாடமே விழுவதுதான், கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வேலை செய்த கடையில் ஏணியிலிருந்து ஒரு தடவை விழுந்து கால் விளங்காமல் போனவள் நான், ஆறு வருடமாக என்னை ஒரு கோப்பையைக்கூட எட்டி எடுக்க விடாத வீட்டிலிருந்து வந்தவள், இவளோ விழு, பக்கவாட்டில் விழு, கையை ஊன்றாதே, முழங்கையை மடித்து உடம்போடு ஒட்டிக்கொள் என்கிறாள். அடுத்தது எழும்புவது, பலகையைச் சரிவுக்குக் குறுக்கே வைத்து மேட்டுப் பக்கமாக ஊன்றித் தள்ளுவது. பிறகு திரும்புவது. அதற்குக் கை வேண்டாம், பலம் வேண்டாம், தலையைத் திருப்பு, தோள் தானாக வரும், தோளுக்குப் பின்னால் பலகை வரும், பார்க்கிற பக்கம்தான் போவாய், போகக்கூடாத இடத்தைப் பார்க்காதே. சொல்வது சுகம். என் கண் என்னவோ அந்தக் கண்ணாடிக்குத்தான் போகிறது, அங்கேதானே அவர் இருக்கிறார், அவருக்குப் பயமாக இருக்குமோ, கோப்பி ஆறியிருக்குமோ... போன கிழமையும் அந்தப் பக்கமாகவே இழுபட்டேன், ஹேலி பின்னால் கயிற்றைப் பிடித்திருந்தபடியால் தப்பினேன்.

இன்றைக்குக் கயிறு இல்லை. நான்தான் வேண்டாம் என்றேன். கயிறில்லாமல் கீழே போய்விட்டால் காரில் ஏறியதும் அவரிடம் சொல்லிவிடுவது, அதுதான் எனக்கும் எனக்குமான ஒப்பந்தம். என்ன சொல்வது? நான் நடக்கமாட்டேன் என்று. டொக்டர் முதல் மாதமே சொன்னதுதான், ஆனால் கஸ்பர் டொக்டரை விட்டுவிட்டு மடு மாதாவிடம் போனார், எமில்டா எழும்பி நடக்கும்வரை மீன் வாயில் வைக்கமாட்டேன் என்று நேர்ந்துவிட்டார். மன்னார்க்காரன், மீன் இல்லாமல் சோற்றைத் தொடாத மனிசன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பூசணிக்காய், முட்டை, சோயாமீற். அவருக்கு முன்னால் நான் மட்டும் எப்படித் தின்பது, அதனால் நானும் விட்டேன். ஒரு ஞானஸ்நான வீட்டுக்குப் போனாலும் கஸ்பருக்குப் புறம்பாக உருளைக்கிழங்கு வையுங்கோ என்று யாராவது சொல்வார்கள், உடனே எல்லாருடைய கண்ணும் என் காலுக்கு வரும், காலே, நீ ஏன் இந்த மனிசனைப் பட்டினி போடுகிறாய் என்பதுபோல. கோயிலில் கிளறிற்றா அக்கா என் கையைப் பிடித்து, "உன்ர மனிசன் மனிசனே இல்லையடி, சம்மனசு" என்றாள். வானத்திலிருந்து இறங்கிய சம்மனசோடு எப்படிச் சண்டை பிடிப்பது? இந்தச் சறுக்குப் பழக்கத்தையும் நிற்பதற்கான பயிற்சி என்று அவரே நினைத்து, கோயில் பங்கு முழுக்கச் சொல்லியும் விட்டார். காரில் திரும்பும்போது ஒவ்வொரு முறையும் கேட்பார், கால் ஏதும் உணருதோ என்று, புதினா இனிப்பை வாய்க்குள் உருட்டிக்கொண்டே, அவருக்கு நெஞ்செரிவு, பாவம், அந்த மணத்தோடு எட்மண்டன்வரை நான் மூச்சுவிட வேண்டும். இன்னும் இல்லை என்பேன். அந்த 'இன்னும்' என்னைக் கட்டுகிற மாதிரி எந்த வாரும் கட்டுவதில்லை.

போ, என்கிறாள் ஹேலி. போகிறேன்... ஐயோ மாதாவே, போகிறேன், தும்பு கரகரவென்கிறது, காற்று காதுக்குள், தலையை இடது பக்கம், வருகிறது, பலகை வருகிறது, வலது பக்கம், அதுவும் வருகிறது, ஒருவருடைய கையும் என்னில் இல்லை, ஆறு வருடத்தில் முதல் தடவை ஒருவருடைய கையும் என்னில் இல்லை, இதை அவர் பார்த்தாரா, பார்த்திருப்பாரா... பார்த்துவிட்டேன். கண்ணாடியைப் பார்த்துவிட்டேன். பலகை நேரே அங்கே போகிறது, மறிக்க முடியாது, விழு, பக்கவாட்டில் விழு, முழங்கையை மடி, விழுந்தாயிற்று, கண்ணாடிக்குச் சற்றுத் தள்ளி, கன்னம் ஈரத் தும்பில். உள்ளே கஸ்பர். என்னைப் பார்க்கவில்லை. முன்னால் ஒரு காகிதப் பெட்டி, பொரித்த மாவுத் தோலை ஒதுக்கிவிட்டு வெள்ளைச் சதையை இரண்டு விரலால் நசித்துப் பார்க்கிறார், முள்ளு இருக்கிறதா என்று, முள்ளே இல்லாத இந்த நாட்டு மீனில், பிறகு வாயில் வைத்து, கண்ணை மூடி... எழும்பிக் கையைத் துடைக்கிறார். சட்டைப் பையிலிருந்து புதினா இனிப்பு.

எப்போதிலிருந்து? நெஞ்செரிவு தொடங்கிய நாளிலிருந்தா? எனக்குக் கோபம் வந்தது, மீனுக்காக இல்லை, அட, மீனுக்காகவும்தான், நானும்தானே பூசணிக்காய் தின்றேன். நேர்த்தியை முறிக்கிறார் என்றால் அவருக்கும் தெரியும். நான் நடக்கமாட்டேன் என்று தெரிந்துகொண்டே கால் உணருதோ என்று கேட்டிருக்கிறார், எனக்காக, நானும் இன்னும் இல்லை என்றேன், அவருக்காக. ஹேலி ஓடிவந்து தூக்கவா என்றாள், வேண்டாம் என்றேன், பலகையைக் குறுக்கே போட்டு, மேட்டுப் பக்கமாக ஊன்றித் தள்ளி, இரண்டு தரம் சரிந்து, மூன்றாம் தரம் எழும்பினேன். அப்போதுதான் அவர் கண்டார். வாசலால் ஓடிவந்தார், முகம் வெளிறி, புதினா மணக்க மணக்க.

"விழுந்திட்டீரோ? கால் ஏதும் உணருதோ?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"எனக்குப் பசிக்குதப்பா. உள்ளுக்கை மீன் இருந்தா எனக்கும் ஒண்டு வாங்கித் தாங்கோ."

இனிப்பு அவர் பல்லில் தட்டுப்படுகிற சத்தம் நின்றது. நான் அவருடைய கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன், என் காலுக்குப் போகப்போகிறதா, கடைப் பக்கம் திரும்பப்போகிறதா என்று, ஏனென்றால் பார்க்கிற பக்கம்தான் ஆளும் போகும்.