ஷாமினிக்கு இரண்டு வரி

கிள்ளானில் புனிதாவின் தையல் கடையைத் தெரியாத பெண் இல்லை. ஆறு மாதம் இணையத்தில் டேட்டாபேஸ் வகுப்பு படித்துவிட்டு, அளவு நோட்டுகளையெல்லாம் தூக்கிக் கடாசினாள் மகராசி. மடிக்கணினியில் இரண்டே அட்டவணை. ஒன்றில் பிளவுஸ் ஆர்டர், மற்றதில் உடம்பளவு. இரண்டையும் இணைப்பது வாடிக்கையாளரின் போன் நம்பர். நம்பரைத் தட்டினால் அளவு வந்து நிற்கும். அதற்கு அவள் அலட்டிய அலட்டல் இருக்கிறதே, அப்பப்பா!

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அலட்டலெல்லாம் இறங்கியது. போனில் தனலெட்சுமி.

"என்னா புனிதா இது? நாளைக்குக் காலையில எம்மக ஷாமினிக்குத் தாலி கட்டுறாங்க. கூரைச்சேலை பிளவுஸுக்குள்ள ரெண்டு ஷாமினி பூந்துக்கலாம் போல இருக்கு!"

"இருக்காதுக்கா, கம்ப்யூட்டர்ல பார்த்துதான் வெட்டுனேன்லா."

"அப்போ அந்தக் கம்ப்யூட்டருக்கே போட்டு விடு!"

புனிதா நம்பரைத் தட்டினாள். மார்பளவு நாற்பத்திரண்டு. அது தனலெட்சுமியின் அளவு! அந்த வீட்டில் யார் தைக்கக் கொடுத்தாலும் சொல்வது அம்மாவின் நம்பர்தான். இந்த ஊரில் எந்த வீட்டில்தான் அப்படி இல்லை? முதலில் மகளுக்கு அளவெடுத்தாள், மறுவாரம் அம்மாவுக்கு. ஒரு நம்பருக்கு ஓர் அளவுதான் என்று புனிதா அமைத்த அட்டவணை, மகளுடையதை அழித்துவிட்டு அம்மாவுடையதை வைத்துக்கொண்டது.

பெண்ணைக் கடைக்கு வரச்சொல்லவும் வழியில்லை. நலங்கு வைத்தாயிற்று, இனி வாசற்படி தாண்ட விடமாட்டார்கள். புனிதா தையல் மெஷினையும் மடிக்கணினியையும் மைவி காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு பறந்தாள்.

நல்லவேளை, பெரிதாகப் போயிற்று. சின்னதாக வெட்டியிருந்தால் உட்கார்ந்து அழ வேண்டியதுதான். மஞ்சள் மணக்க நின்ற ஷாமினிக்கு அளவெடுத்து, கூடத்திலேயே மெஷினை வைத்து, பக்கங்களையும் கைகளையும் பிரித்துத் தைத்தாள். மூன்று மணிக்கு ஷாமினி போட்டுப் பார்த்தாள். கச்சிதம்! வீடே கைதட்டியது. புனிதாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மைலோவைக் குடித்துக்கொண்டே அங்கேயே அட்டவணையைத் திருத்தினாள். இனி ஆளுக்கு ஓர் எண், அளவு அந்த எண்ணோடு. வீடுகளுக்குத் தனி அட்டவணை. ஒரு வீட்டின் கீழ் எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கலாம்.

தனலெட்சுமி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நாளையிலேர்ந்து இவளுக்கு வீடு பந்திங் ஊர்ல. மாப்பிள்ளை வீட்டுக்கு மாத்திடு." குரல் உடைந்துவிட்டது. ஷாமினி அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

புனிதாவின் விரல் நின்றது. ஒரு வீட்டில் பல பேர், ஒருவருக்கே பல வீடு என்றால் நடுவில் இன்னோர் அட்டவணை வேண்டும். வகுப்பில் மூன்று தடவை கேட்டும் மண்டையில் ஏறாத பாடம் அது. இப்போது ஏறியது, கண்ணும் கலங்கியது. ஆளையும் வீட்டையும் இணைக்க நடுவில் ஒன்றைப் போட்டாள். அதில் ஷாமினிக்கு இரண்டு வரி. ஷாமினி, பந்திங். ஷாமினி, கிள்ளான்.

"மாத்த வேணாம்க்கா. ரெண்டு வீட்டுலயும் இருக்கா, பாருங்க."

தனலெட்சுமி திரையை எட்டிப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள்.

"கிள்ளானை மேல போடு."